ஒரு நாள் மூத்தவள்

"என்னங்க, நான் எப்பப் பொறந்தேன்?"

தொலைபேசியில் மனைவி இப்படிக் கேட்டதும் பஞ்சாங்கம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அவள் பிறந்தநாளை இரண்டு முறை மறந்து, இரண்டு முறையும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"ஒண்ணாம் தேதி! அடுத்த மாசம் ஒண்ணாம் தேதியோட நாப்பது முடியுது."

"அதைக் கம்ப்யூட்டர்கிட்ட சொல்லுங்க. அது முப்பத்தொண்ணாம் தேதிங்குது. ஒரு நாள் வயசு கூடிடுச்சுன்னு என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிடுச்சு."

பஞ்சாங்கத்தின் கை மேஜைமேல் தண்ணீர் பாட்டிலைத் தேடியது. ஏனென்றால், அந்த ஒரு நாளைக் கூட்டிய ஆசாமி அவரேதான்.

பஞ்சாங்கம் என்பது சக ஊழியர்கள் வைத்த பெயர். மென்பொருள் நிறுவனம் ஒன்றின் மூன்றாம் மாடியில் ஜன்னலோர மேஜை அவருடையது. எந்த ஊரில், எந்த வருஷம், எந்த நாளில் கடிகாரத்தை எவ்வளவு திருப்பி வைத்தார்கள் என்ற அட்டவணையைப் பராமரிப்பதுதான் வேலை. கோடை வெளிச்சம் வீணாகக் கூடாதென்று அரசாங்கங்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளும், அப்புறம் பின்னால் இழுக்கும், சில வருஷம் தள்ளவே மறந்துபோகும். இந்தக் கூத்தையெல்லாம் கம்ப்யூட்டர்களுக்கு யாராவது ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டுமே!

போன மாதம் அனுப்பியவர் பெயர் எழுதாத உறை ஒன்று அவருக்கு வந்தது. உள்ளே அறுபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய செய்தித்தாள் துணுக்கு. நாடு முழுவதும் கோடைக்குக் கடிகாரத்தைத் தள்ளி வைக்கச் சொன்னபோது, ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு சின்ன ஊர் மட்டும், "சூரியன் எவர் உத்தரவுக்கும் கட்டுப்பட்டதல்ல. எங்கள் கடிகாரத்தைத் தொட மாட்டோம்" என்று தீர்மானம் போட்டிருந்தது. நாட்டின் அட்டவணையில் இந்த முரண்டு பதிவாகவே இல்லை.

பஞ்சாங்கத்துக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்தது போலிருந்தது. அந்த வருஷம் தொடங்கி, கோடை நேரமே ஒழிந்துபோன வருஷம் வரைக்கும், அந்த ஊர் கடிகாரத்தைத் தொடவே இல்லை என்று ஒரு வரி எழுதினார். எழுதுவதைச் சரிபார்க்கிற மேலாளருக்கு ஆபீசில் 'ஆதாரம் மேடம்' என்று பெயர். அந்த அம்மா கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்.

"யார் அனுப்பினது இது?"

"தெரியல மேடம். ஆனா துணுக்கு அசல். நூலகத்துல ஒத்துப் பாத்துட்டேன்."

"அனுப்பினவர் பேர் இருந்தா நல்லது. தேடுங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இதில் ஒரு சின்ன விபரீதம் உண்டு. பிறந்த நேரம் எழுதாமல் தேதி மட்டும் எழுதினால், நள்ளிரவு பன்னிரண்டுக்குப் பிறந்ததாகப் பதிவு அலுவலகக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். ஊர்க் கடிகாரம் நாட்டு நேரத்துக்கு ஒரு மணி பின்னால் ஓடியதாக அட்டவணை சொன்னதும் பன்னிரண்டு பதினொன்றாகும். பதினொன்று என்றால் முந்தின நாள். ஆக, அந்த ஊரில் கோடையில் பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் ஒரு நாள் மூத்துப்போனார்கள்.

அந்த ஊர் அவருடைய மாமியார் ஊர், மனைவி பிறந்த ஊர். புது வரி எழுதிய பூரிப்பில் அது அவருக்கு உறைக்கவில்லை.

விண்ணப்பம் சாதாரண விண்ணப்பமும் இல்லை. ஆற்றைக் கடக்கும் பயணிகள் படகில் அவர் மனைவி பதினைந்து வருஷமாக டிக்கெட் கிழிக்கிறாள். கிழித்துக்கொண்டே கண்ணை மட்டும் படகைத் திருப்பும் சக்கரத்தின் மேல் வைத்திருப்பாள். ஆள் இல்லாத நடைகளில் கேப்டன் அவளிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிப்பார். கேப்டன் வேலைக்கு ஆள் எடுப்பது அபூர்வம். இந்த வருஷம்தான் ஓர் இடம் காலி. அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு முன் நாற்பது முடிந்திருக்கக் கூடாது என்பது விதி. அடுத்த வருஷம் என்ற பேச்சே அவளுக்கு இல்லை.

"நான் பாத்துக்கறேன்மா, சின்ன விஷயம்" என்றார் பஞ்சாங்கம். உண்மையைச் சொல்ல அப்போதே வாய் திறந்திருக்கலாம். திறந்த வாய் தண்ணீர் குடித்துவிட்டு மூடிக்கொண்டது.

படகு நிறுவனத்துக்குப் போன் போட்டார். புதிதாக அச்சிட்ட பிறப்புச் சான்றிதழ் கொண்டுவந்தால் பரிசீலிப்பார்களாம். பழைய சான்றிதழை எடுத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு ஓடினார்.

கவுண்டரில் இருந்த குமாஸ்தா பழைய தாளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், புதுத் தாளை அச்சிட்டுத் தள்ளினார். முப்பத்தொன்று.

"சார், பழசுல ஒண்ணாம் தேதின்னு இருக்கே!"

"பழசு செல்லாது" என்று குமாஸ்தா அதை வாங்கிக் குறுக்கே இரண்டு கோடு போட்டார். "இந்த மாசம் அந்த ஊர்க்காரங்க நீங்க பதினாலாவது ஆளு. எவனோ ஒருத்தன் எங்கயோ குளுகுளுன்னு உக்காந்துகிட்டு நேரத்தை மாத்திட்டானாம். கையில மட்டும் கெடைக்கட்டும், அவன் பொறந்ததையே ரத்து பண்றேன்."

"பண்ணணும் சார், கண்டிப்பா பண்ணணும்" என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கம் கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு வெளியேறினார். திரையில் மட்டும் இருந்த தப்பு இப்போது முத்திரையோடு கையில் இருந்தது.

ஆபீசுக்குத் திரும்பினார். ஆதாரம் மேடம் அன்றைக்கு விடுப்பு. பஞ்சாங்கம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தான் எழுதிய வரியை அழித்தார். 'அவசரத் திருத்தம்' என்று அனுப்பினார். காரணம் கேட்ட இடத்தில் 'சந்தேகம்' என்று ஒரே ஒரு சொல். அவருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பத்தொன்பது வருஷத்தில் அந்த அட்டவணையில் அவர் எழுதிய முதல் பொய் அது.

மறுநாள் காலை மனைவி போன் செய்தாள்.

"என்னங்க! விண்ணப்பம் ஏத்துக்கிட்டாங்க! கம்ப்யூட்டரே இப்ப ஒண்ணாம் தேதிங்குதாம்! என்ன மாயம் பண்ணீங்க?"

"பேசிப் பாத்தேன்" என்றார், மீசையை நீவிக்கொண்டு.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் அழைப்பு. இந்த முறை குரல் கம்மியிருந்தது.

"வேலையே இல்லையாம். இடம் காலியில்லைன்னு அறிவிப்பை எடுத்துட்டாங்க."

"ஏன்?"

"கேப்டனுக்கு இன்னும் அறுபது முடியலையாம். ஒண்ணாம் தேதிக்கு முன்னாடி முடிஞ்சாத்தான் இந்த வருஷம் ஓய்வு. முடியுதுன்னு போன மாசம் கடுதாசி குடுத்தாங்க, இப்ப இல்லேங்கறாங்க. முந்தாநாள்தான் பிரிவு உபசாரம் நடத்தி சூட்கேஸ் பரிசா குடுத்தோம். இன்னைக்கு அதைத் திருப்பித் தரச் சொல்றாங்க. பாவம், அதுல துணிகூட அடுக்கிட்டாராம்."

"அவருக்கு எந்த ஊரு?" பஞ்சாங்கத்துக்குப் பதில் தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டார்.

"என் ஊருதான். ஒரே ஊரு, ஒரே பிறந்தநாளு. சரியா இருபது வருஷம் எனக்கு மூத்தவர். உங்ககிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

பஞ்சாங்கம் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த வரி இருந்தால் கேப்டன் இறங்குவார், இடம் காலியாகும், ஆனால் மனைவிக்கு வயது கூடிவிடும். வரி இல்லாவிட்டால் மனைவிக்கு வயது சரி, இடம்தான் கிடையாது. இருதலைக்கொள்ளி எறும்புக்காவது நடுவில் கொஞ்சம் குச்சி இருக்கும்.

மத்தியானம் விடுப்பு முடிந்து வந்த ஆதாரம் மேடம் அவர் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார்.

"சந்தேகம்னு எழுதியிருக்கீங்க. என்ன சந்தேகம்? ஆதாரம் எங்கே?"

"மேடம்... துணுக்கு அனுப்பினவர் யாருன்னு தெரியலையே, அதான்..."

"போன மாசமும் தெரியலையே. அப்ப வராத சந்தேகம் இப்ப எப்படி வந்துச்சு? திங்கக்கிழமைக்குள்ள ஆதாரம் குடுங்க. இல்லேன்னா பழையபடி போட்டுட்டு, இந்த அட்டவணையை வேற ஆள்கிட்ட ஒப்படைக்கறேன்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் பஞ்சாங்கம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். துணுக்கு, வரி, பதினொரு மணி, அழித்தது, பொய். மனைவி கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். அவருடைய சட்டையை மட்டும் சற்றுப் பலமாக உதறினாள்.

"ஆக, கட்டின புருஷனே என்னை ஒரு நாள் கிழவியாக்கிட்டீங்க."

"தெரியாமத்தான்மா."

"அந்த வரி உண்மையா, பொய்யா?"

"உண்மைன்னுதான் நெனச்சேன்."

"அப்ப எனக்காக அழிச்சது தப்பு." அவள் சட்டையைக் கீழே வைத்தாள். கண் கலங்கியிருந்தது. "பொய்யில கெடைச்ச சக்கரத்தைப் பிடிச்சா, ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் கை கூசுங்க. எனக்கு வேண்டாம். ஆனா நெனச்சேன், நெனச்சேங்கறீங்களே, போய்ப் பாத்தீங்களா?"

"துணுக்கு ஒரு வருஷத்துக்குத்தான் இருக்கு. மீதி வருஷமெல்லாம் நானா..." பஞ்சாங்கம் பாதியில் நிறுத்தினார். பத்தொன்பது வருஷ அனுபவசாலிக்கு அப்போதுதான் முகம் சிவந்தது. ஒரு வருஷம் முரண்டு பிடித்த ஊர் முப்பத்தைந்து வருஷமும் முரண்டு பிடித்தது என்று சொன்னது யார்? அவரேதான்.

சனிக்கிழமை இருவரும் படகேறி அக்கரைக்குப் போனார்கள். மணிக்கூண்டின் அடித்தளத்தில் காவலாளி ஒரு பீரோவைத் திறந்துவிட்டார். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர்கள் தினமும் எழுதி வைத்த பதிவேடுகள் வருஷவாரியாக இருந்தன. ஒட்டடை தட்டித் தட்டி இருவரும் தும்மியபடியே படித்தார்கள். கேப்டன் பிறந்த வருஷம்: "கோடை. கடிகாரம் தொடப்படவில்லை." அடுத்த வருஷமும் அப்படியே, அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஊர் லேசுப்பட்ட ஊர் இல்லை.

"என்னங்க, என் வருஷம்!" என்று மனைவி கத்தினாள்.

அவள் பிறப்பதற்கு மூன்று வாரம் முன்பு, சற்றே கோணலான கையெழுத்தில் இப்படி இருந்தது: "இன்று கடிகாரம் ஒரு மணி முன்னால் தள்ளப்பட்டது. படகு அரசாங்க நேரத்துக்குப் போகிறது. கோடைதோறும் படகைத் தவறவிட்டுத் தவறவிட்டு ஊருக்கே அலுத்துவிட்டது."

பஞ்சாங்கம் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது முறை படிக்க முடியவில்லை, மனைவி அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள். ஊர் முரண்டு பிடித்தது உண்மை. இருபத்திரண்டு கோடை பிடித்துவிட்டு, இவள் பிறக்கிற நேரம் பார்த்து விட்டுவிட்டது. கேப்டன் பிறந்தது முந்தின நாள் கணக்கிலேயே நிற்கும். இவள் பிறந்தது ஒன்றாம் தேதிக்குத் திரும்பும்.

திங்கட்கிழமை பதிவேட்டின் படங்களைப் பார்த்த ஆதாரம் மேடம் முதல் முறையாகச் சிரித்தார்.

"இதுக்குப் பேர்தான் ஆதாரம். முதல்லயே போயிருக்கலாமே சார்?"

"போயிருக்கலாம் மேடம். அழிச்சதுக்கு நான் எழுதின காரணமும் பொய். என் மனைவி அந்த ஊர்ல பொறந்தவ."

அந்த அம்மா படங்களை அவர் பக்கம் தள்ளினார். "அதையும் குறிப்புல எழுதிடுங்க" என்றார். "அட்டவணை உங்ககிட்டயே இருக்கட்டும். துணுக்கு அனுப்பினவரை மட்டும் கண்டுபிடிங்க."

புதுத் திருத்தம் போனது. குமாஸ்தா புதுச் சான்றிதழ் அச்சிட்டார், இந்த முறை திட்டாமல். இடம் மறுபடி காலியானது. விண்ணப்பம் உள்ளே போனது. தேர்வில் மனைவி காற்றடிக்கிற நாளில் படகைத் துறையில் ஒரு சிராய்ப்பு இல்லாமல் கொண்டுவந்து அணைத்தாள். கரையில் நின்ற பஞ்சாங்கத்துக்கு அழுகை வந்தது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

கேப்டனுக்கு இரண்டாவது பிரிவு உபசாரம் படகிலேயே நடந்தது. அதே சூட்கேஸை மறுபடியும் பரிசாகக் கொடுத்தார்கள். புதுச் சீருடையில் மனைவி சக்கரத்தின் முன் நின்றாள். பஞ்சாங்கம் கேப்டன் பக்கத்தில் நின்று மனம்விட்டுப் பேசினார்.

"எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுங்க. ஆனா பேர்கூடப் போடாம அந்தத் துணுக்கை அனுப்பி என்னை நாயா பேயா அலைய விட்ட மனுஷன் மட்டும் யாருன்னு தெரியல. ஏன் அனுப்பினான்னும் புரியல!"

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். சக்கரத்தைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் ஒரு வருஷம் முன்னாடி இறங்கினாத்தான் தங்கச்சி ஏற முடியும்னு நான்தான் அனுப்பினேன் மாப்பிள்ளை, பதினஞ்சு வருஷமா ரெண்டு பேரும் ஒரே நாள்ல கேக் வெட்டறோம், ஆனா எனக்கு வயசு ஏத்தினா அவளுக்கும் ஏறிடும்னு இந்த மரமண்டைக்குத் தோணவே இல்லை!"