முன்னால் போக ஒரு குதிரை

இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டின் கூரைமேல் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தபோதுதான் நம் லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்த ஞானம் பிறந்தது. இத்தனை வருஷமாக மேலே போயாயிற்று, கீழே வந்தாயிற்று. முன்னால் மட்டும் போனதே இல்லை!

சாயங்காலம் வீட்டில் அறிவித்தார்.

"நான் குதிரை ஓட்டப் போறேன்."

மனைவி டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். மடித்துக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எங்க?"

"தொலைதூரப் போட்டி. காடு மேடெல்லாம் சுத்தணும். புதுசா சேர்றவங்களுக்கு இருபது கிலோமீட்டர். இனிமே ஞாயித்துக்கிழமை என்னுது. அன்னிக்கு ஒருத்தரும் என்னை மெதுவா போ, ஓரமா போன்னு சொல்லக்கூடாது."

"சரிங்க."

இந்தச் 'சரிங்க'தான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கல்யாணமானதிலிருந்து எதற்கும் இவ்வளவு சுருக்காகச் சரி வந்ததில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே பிரேக் போடுவது அவள் தொழில். அதற்காக டிரைவிங் ஸ்கூல் காரில் இரண்டாவது பிரேக் வைத்திருக்கிறார்கள். வீட்டில் அதுகூட வேண்டாம், ஒரு பார்வை போதும்.

குதிரை காலியாக இல்லை என்று லாயத்தில் மூன்று மாதம் இழுத்தடித்துவிட்டு, ஒரு பழுப்புப் பெண்குதிரையைக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"வேகம் முக்கியமில்ல சார். குதிரை நல்லபடியா திரும்பி வரணும். பாதி வழியில டாக்டர் நாடி பார்ப்பார். உங்களுக்கு இல்ல, குதிரைக்கு. துடிப்பு இறங்கலைன்னா ஆட்டம் அதோட சரி."

குதிரை அதிசயப் பிறவியாக இருந்தது. வளைவு வந்தால் தானே வேகத்தைக் குறைத்தது. ரோட்டைக் கடக்கும் முன் நின்று, வலது பக்கம் பார்த்து, இடது பக்கம் பார்த்து, அப்புறம்தான் காலெடுத்து வைத்தது.

"இப்படி ஒழுக்கமான ஜீவனை நீ பாத்திருக்கவே மாட்ட," என்று வீட்டில் பீற்றிக்கொண்டார்.

"அப்படியா?" என்றாள் மனைவி.

போட்டியன்று குதிரைக்குத் தண்ணீர் காட்ட ஒரு துணை ஆள் வேண்டும் என்றார்கள். வேறு யார் இருக்கிறார்கள்? "வர்றேன். உங்ககிட்ட வாயே திறக்க மாட்டேன்," என்று சத்தியம் செய்துவிட்டு வந்தாள்.

கிட்டத்தட்டப் பாதி வழிவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் பேக்கரிக்காரர் ஒருவர் வெள்ளைக் குதிரையில் சிரித்துக்கொண்டே இவரைத் தாண்டிப் போனார். அந்தச் சிரிப்புதான் வினை. நம்மாள் குதிகாலால் உதைத்தார், அதட்டினார், கெஞ்சினார். குதிரை வேண்டா வெறுப்பாகப் பாய்ந்தது. பாதி வழியில் நாடி பார்க்கும் இடத்துக்குப் பேக்கரிக்காரருக்கு முன்னால் போய் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் குதிரையின் நெஞ்சில் குழாயை வைத்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப அடிச்சுக்குது. கொஞ்ச நேரம் பாப்போம். இறங்கலைன்னா நீங்க வீட்டுக்குக் கிளம்பலாம்."

லிஃப்ட்காரருக்குக் கண் இருட்டியது. தனக்கென்று அவர் ஆசைப்பட்டது இந்த ஒன்றே ஒன்றுதான். அதுவும் நடுவில் மாட்டிக்கொண்டதே!

மனைவி வந்தாள். சேணத்தைக் கழற்றினாள். ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்தாள். சத்தியத்தை மீறவில்லை, குதிரையோடுதான் பேசினாள்.

"ஏம்மா, யாராவது துரத்துறாங்களா? முந்திட்டா மட்டும் என்ன கொடுத்துடப் போறாங்க? மூச்சை விடு. மெதுவா. அவ்வளவுதான்."

குதிரைக்குத் துடிப்பு இறங்கியது. பக்கத்தில் நின்ற அவருக்கும் சேர்த்து இறங்கியது.

"எப்படிம்மா?" என்றார் டாக்டர்.

"வீட்டுலயும் இதே வேலைதாங்க."

மீதி வழியில் மேடு வந்தபோதெல்லாம் இறங்கிக் குதிரையோடு நடந்தார். அதன் மூச்சைக் கேட்டுக்கொண்டே நடக்க அவருக்குப் பிடித்திருந்தது. 'மெதுவா' என்ற வார்த்தையை இவ்வளவு காலம் திட்டு என்றல்லவா நினைத்திருந்தோம்! அது அக்கறை என்று புரிந்துகொள்ள ஒரு குதிரை தேவைப்பட்டதே என்று வெட்கமாகவும் இருந்தது. இதை அவளிடம் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

கடைசி ஆளாக வந்து சேர்ந்தார். டாக்டர் குதிரையைப் பார்த்துத் தலையாட்டினார். முடித்தாயிற்று! லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியைப் பார்த்து வாயெடுப்பதற்குள் பயிற்சியாளர் ஓடி வந்தார்.

"அக்கா, நீங்க பழக்கினபடியே குதிரை சாரைப் பத்திரமா கொண்டுவந்து சேர்த்துடுச்சு!"

"எந்த அக்கா? யார் பழக்கினது?"

"அக்காதான் சார். நீங்க கேட்ட மறுநாளே வந்துட்டாங்க. தான் பழக்கி முடிக்கிறவரைக்கும் உங்களுக்குக் குதிரை காலியில்லைன்னு சொல்லச் சொன்னதே அவங்கதான்."

மனைவி கொஞ்சமும் அசரவில்லை. "செருப்பு வாங்கினாக்கூடப் போட்டுப் பாத்துதானே வாங்குறேன்? புருஷனை ஏத்துற குதிரையைப் பாக்காம விடுவேனா?"

சொல்ல வைத்திருந்ததெல்லாம் அவருக்கு மறந்தே போயிற்று. "அப்ப என் ஞாயித்துக்கிழமை?" என்றார் பரிதாபமாக.

"அது உங்களுதுதான். இனிமே அன்னிக்கு ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சொல்றதுக்கு வீட்டுல நான் இருந்தாத்தானே? எனக்கும் இது பிடிச்சுப்போச்சு. நாற்பது கிலோமீட்டருக்குப் பேர் கொடுத்திருக்கேன்."

"எந்தக் குதிரையில?"

பழுப்புக் குதிரை அவர் கையிலிருந்த கடிவாளத்தை உருவிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்றது.