மருமகள் முதலில் எழுதவேண்டிய தாள் குறித்து

பெருமதிப்புக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கே நானும் என் மனைவியும் பிள்ளைகள் இருவரும் சுகம். தாங்களும் சம்பந்தியம்மாவும், தங்கள் டிரைவிங் ஸ்கூலின் இரண்டு கார்களும், அவற்றில் ஓட்டக் கற்றுக்கொள்பவர்களும், அவர்களுக்கு எதிரே வர நேர்ந்தவர்களும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து நான்கு பக்கத்துக்குக் கடிதம் வந்தால் பெற்றவர்கள் என்னவெல்லாம் நினைத்துப் பயப்படுவார்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது புகார் கடிதம் அல்ல. சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டு அவர்களிடமும் இதைச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள். போனில் பேசியிருக்கலாமே என்பீர்கள். நான் பேச ஆரம்பித்தால் மூன்றாவது நிமிடத்தில் தாங்கள் வேறு யாரிடமோ கிளட்ச், கிளட்ச் என்று கத்துகிறீர்கள். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் இதுதான். தங்கள் மகள் படித்துக்கொண்டிருக்கும் அக்கவுண்டன்சி தேர்வுக்கு நான்கு தாள்கள். நிதி அறிக்கை, ஆடிட்டிங், வரி, காஸ்டிங். எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதலாமாம். இந்த 'வேண்டுமானாலும்' என்ற ஒற்றை வார்த்தைதான் ஆறு மாதமாக எங்கள் வீட்டை இரண்டாகவும் சில நாள் நான்காகவும் பிரித்து வைத்திருக்கிறது. வகுப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது, வாத்தியார் எதை முதலில் நடத்துகிறாரோ அதை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். இவள் தானாகப் படிப்பவள். காலை ஐந்து மணிக்கு எழுந்து சாப்பாட்டு மேசையில் ஒன்றரை மணி நேரம், பிறகு வேலை பார்க்கும் பெயிண்ட் கடையில் மத்தியான இடைவேளையில் பிரைமர் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்து அரை மணி நேரம், அவ்வளவுதான் அவளுடைய கல்லூரி. வாத்தியார் நாற்காலி காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அதில் இடம் பிடிக்க நாங்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு வந்தோம்.

முதலில் வந்தவன் நான். பஸ் டெப்போவில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்தவன், எந்த வண்டி முதலில் கிளம்பவேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் யோசித்துச் சம்பளம் வாங்கியதில்லை. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் சிவப்பு மையாலும் நீல மையாலும் ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ரொம்ப நல்லா இருக்கு மாமா என்று சொல்லிவிட்டுப் போனாள். வியாழக்கிழமைகளில் தூங்குவதற்கு நேரமே விடவில்லை என்பதை அவள் சொல்லவில்லை, என் மனைவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். அடுத்து தங்கள் மாப்பிள்ளை வந்தான். ஆபீஸில் ஒருவரைக் கேட்டுக்கொண்டு வந்து வரிதான் என்றான், மறுநாள் இன்னொருவரைக் கேட்டுவிட்டு ஆடிட்டிங்தான் என்றான், மூன்றாம் நாள் யாரும் அவனை எதுவும் கேட்கவில்லை. முடி திருத்துபவர் என் தலையைக் குனியவைத்துக்கொண்டு காஸ்டிங் என்று அடித்துச் சொன்னார். கத்தி அவர் கையில் இருந்தபடியால் நான் மறுத்துப் பேசவில்லை. என் மனைவி நான்கு புத்தகங்களையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு எது எடை குறைவோ அதை முதலில் எழுது என்றாள். தாங்கள் போனில் சொன்னதும் ஏறக்குறைய அதே கட்சிதான். காலி மைதானத்தில் ஓட்டிப் பழகிவிட்டுத்தானே கடைத்தெருவுக்குப் போகவேண்டும், லேசானதை முதலில் முடி என்றீர்கள்.

அவள் எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். ஆட்டிவிட்டு அவள் செய்த காரியத்தைத்தான் நான் தங்களுக்கு விவரமாக எழுத விரும்புகிறேன். நான்கு தாள்களுக்கும் பழைய கேள்வித்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல், நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கையும் எழுதிப் பார்த்துவிட்டாள். வெறும் கையோடு போனால் எது எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும் என்றாள். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் தனக்கு என்ன தெரியாது என்று தெரிந்துகொள்வதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்தது கிடையாது. நானெல்லாம் அதைத் தெரிந்துகொள்ளாமலேயே ஓய்வுபெற்றுவிட்டேன்.

தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர் பதவி எனக்குக் கிடைத்தது. கிடைத்தது என்ன, நானே எடுத்துக்கொண்டேன். சலவைச் சட்டை போட்டு, டெப்போ விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சரியாக ஒன்பது மணிக்கு ஊதினேன். பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டார். டீ கொண்டுவந்த தங்கள் மாப்பிள்ளையை அனுமதி இல்லாத நபர் என்று வாசலிலேயே நிறுத்தினேன், டீயை மட்டும் பரிசோதித்து உள்ளே அனுப்பினேன். சமையலறையில் குக்கர் மூன்று விசில் அடித்தது, மூன்றாவது விடைதான் சரி என்று குறிப்புத் தருகிறாளோ என்று என் மனைவியைப் போய் விசாரித்தேன். அவள் சொன்ன பதிலை சம்பந்தி வீட்டுக்கு எழுதுவது மரியாதையாக இருக்காது.

மூன்று மணி நேரம் சும்மா உட்கார முடியாமல், பக்கத்தில் கிடந்த ஆடிட்டிங் புத்தகத்தை எடுத்துப் புரட்டியது அடுத்த தவறு. பிறர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பக்கூடாது, பொருளை நேரில் போய் எண்ணிப் பார்க்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. நல்ல யோசனையாகப் பட்டது. அன்று சாயங்காலமே சமையலறையில் புகுந்து எண்ணினேன், பாத்திரம் பதினான்கு, மூடி பதினொன்று. மூன்று மூடிகள் எங்கே என்று இல்லத்தரசியிடம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டேன். இரண்டு நாள் எனக்கு வாய்மொழி விளக்கமும் இல்லை, சாப்பாட்டில் குழம்பும் இல்லை. மருமகள்தான் நடுவில் புகுந்து, மூன்றும் தன் கடைக்குக் கொண்டுபோன டிபன் பாத்திரங்களோடு போயிருக்கின்றன என்று சொல்லி வழக்கை முடித்தாள். போகவில்லை என்று எனக்கும் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

மார்க்குக்கு வருகிறேன். ஐம்பது வாங்கினால் பாஸ். காஸ்டிங்கில் நாற்பத்தொன்று, வரியில் முப்பத்து மூன்று, ஆடிட்டிங்கில் இருபத்தொன்பது, நிதி அறிக்கையில் பதினேழு. விடை பார்த்துத் திருத்தியது அவளேதான், அரை மார்க்குகூடத் தாராளம் காட்டவில்லை. பார்த்த எல்லோருக்கும் நிம்மதி. ஒன்பது மார்க்கை எட்டிப் பிடித்தால் காஸ்டிங் முடிந்தது, எடையும் அதுதான் குறைவு என்று என் மனைவி வெற்றி அறிவித்துவிட்டாள். தங்கள் மகளோ பதினேழு வாங்கிய நிதி அறிக்கைப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, மற்ற மூன்றையும் அலமாரியில் அடுக்கிப் பூட்டிவிட்டாள்.

நான் பதறிப்போய்க் காரணம் கேட்டேன். அப்போதுதான் தேர்வு நடத்துகிறவர்களின் ஒரு விதியைச் சொன்னாள். முதல் தாளில் பாஸான நாளிலிருந்து முப்பது மாதத்துக்குள் மற்ற மூன்றையும் முடிக்கவேண்டும். முடிக்காவிட்டால் பாஸான தாள் செல்லாது, திரும்ப எழுதவேண்டும். லேசானதை முதலில் முடித்தால் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும், அது ஓடிக்கொண்டிருக்கும்போது கஷ்டமான தாளோடு மல்லுக்கட்ட வேண்டும், நடுவில் கடையில் ஸ்டாக் எடுக்கும் மாதங்கள் வேறு வரும், அப்போது புத்தகத்தைத் தொடவே முடியாது. "கஷ்டமானதுல ஃபெயிலானா கடிகாரம் ஓடாது மாமா," என்றாள். "பாஸானாதான் ஓடும். அதனால எத்தனை தடவை விழுறதா இருந்தாலும் முன்னாடியே விழுந்துடணும்." அதோடு நிதி அறிக்கையைப் படித்து முடித்தால் ஆடிட்டிங் பாதி படித்த மாதிரியாம்.

சம்பந்தி, முப்பத்தொரு வருடம் நான் வண்டி வெளியே கிளம்பிய நேரத்தைத்தான் குறித்தேன். டெப்போவுக்குள் ரிப்பேரில் நின்ற நேரத்தை யாரும் டிரிப்பில் சேர்க்க மாட்டார்கள். இது எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? தோன்றவில்லை. ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து என் அட்டவணையை நானே கிழித்துவிட்டேன்.

இவ்வளவு பாடு எதற்கம்மா, கடையில் உன்னை நன்றாகத்தானே வைத்திருக்கிறார்கள் என்றும் ஒருநாள் கேட்டேன். வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் வருவாராம். முதலாளி அறையில் ஃபேனுக்கு நேர்கீழே உட்காருவாராம். இவள் ஃபைல்களைச் சுமந்துகொண்டு போய் நின்றபடி பதில் சொல்லவேண்டும். "மூணு வருஷமா கணக்கை நான் முடிக்கிறேன், கேள்வியை அவர் கேக்கறார். ஒரு தடவையாவது நான் கேக்கணும் மாமா," என்றாள். வாழ்க்கையில் நான் யாரையும் கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை, உட்கார ஆசைப்பட்டதும் இல்லை. என் வீட்டிலிருந்து ஒருத்தி ஆசைப்படுகிறாள் என்பதில் எனக்கு இருக்கும் பெருமையை வைத்துக்கொள்ள இந்த வீட்டில் இடம் போதவில்லை.

இப்போது வேண்டுகோளுக்கு வருகிறேன். போன வருடம் தாங்கள் இங்கே வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் அவளிடம் ஒரு வாக்கு வாங்கினீர்கள், ஞாபகம் இருக்கும். முதல் பேப்பரிலேயே போய்விட்டால் அதோடு படிப்பை விட்டுவிட வேண்டும் என்று. ஏன் வாங்கினீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கல்லூரி நாளில் ஏதோ தேர்வுக்காகச் சாப்பிடாமல் தூங்காமல் படித்து அவள் மயங்கி விழ, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் தாங்கள் அவள் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தீர்கள் என்று சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பயத்தில் கேட்டீர்கள், அவளும் தலையை ஆட்டிவிட்டாள். ஆனால் அந்த வாக்கு இருக்கும்வரை அவள் லேசான தாளைத்தான் முதலில் எழுத முடியும், முப்பது மாதக் கணக்கு இருக்கும்வரை கஷ்டமான தாளைத்தான் முதலில் எழுதவேண்டும். இரண்டுக்கும் நடுவே பிள்ளை மாட்டிக்கொண்டு முழிக்கிறாள். தங்களிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஒரு மாதமாக ஆளே சரியில்லை. தட்டில் போட்டதைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள், புத்தகத்தில் ஒரே பக்கம் திறந்தபடி கிடக்கிறது, விண்ணப்பம் அனுப்பியாயிற்றா என்று கேட்டால் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பும் பாதியில் நின்றுவிடுகிறது. தங்களுக்குக் கொடுத்த வாக்கை நினைத்து நினைத்துத்தான் இப்படி இருக்கிறாள் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே தாங்கள் பெரிய மனது பண்ணி அந்த வாக்கைத் திருப்பிக் கொடுத்துவிடவேண்டும். அவள் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நான் பொறுப்பு. ஐந்து மணிக்கு எழுந்து அவளுக்கு முன்னால் பால் தம்ளரை வைத்து, காலியாகும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். முதல் தடவை போனாலும் இரண்டாம் தடவை எழுதட்டும், மூன்றாம் தடவையும் எழுதட்டும். நான் இதுவரை தங்களிடம் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவருடைய அன்பையும் சொல்லவும். இரண்டு கார்களுக்கும் பிரேக் நன்றாகப் பிடிக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி,
டைம் கீப்பர் (ஓய்வு)

பின்குறிப்பு: மேற்கண்டதை உறையில் போட்டு, தங்கள் வீட்டுக் கதவு எண்ணைக் கேட்க மனைவியிடம் போனேன். என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று பிடுங்கிப் படித்தாள். நான்காம் பக்கம் வந்ததும் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அதன்பிறகு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தங்களுக்கு இது புதிதல்ல என்றாலும்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை தங்கள் மகள் நிதி அறிக்கைத் தாளை எழுதிவிட்டாள். தோழி வீடு மாற்றுகிறாள், சாமான் கட்ட உதவிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்ன நாள் அது. கனமான பெட்டி எதையும் தூக்காதே என்று புத்தி சொல்லி நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். கம்ப்யூட்டரில் எழுதும் தேர்வு, மார்க் அன்றைக்கே வந்துவிட்டதாம், நாற்பத்தாறு. நான்கு மார்க்கில் போயிற்று. அன்றைக்கே அவள் தங்களுக்குப் போன் பண்ணி, வாக்குக் கொடுத்தபடி விட்டுவிடுகிறேன் என்றிருக்கிறாள். வண்டி ஒரு தடவை நின்னுபோச்சுன்னா வித்துடுவாங்களா, திரும்ப ஸ்டார்ட் பண்ணு என்று தாங்கள் சொன்னீர்களாம். நான் நான்கு பக்கம் எழுதிக் கேட்டதைத் நான் கேட்பதற்கு முன்பே தாங்கள் கொடுத்துவிட்டீர்கள். அதே தாளுக்கு மறுபடி விண்ணப்பமும் போய்விட்டதாம். இது தங்களுக்குத் தெரியும், சம்பந்தியம்மாவுக்குத் தெரியும், என் மனைவிக்கும் மகனுக்கும் தெரியும். ஆகையால் என் வேண்டுகோளை ரத்தானதாகக் கொள்ளவும். அவளைப் பற்றிச் சொன்ன மற்றதெல்லாம் அப்படியே நிற்கட்டும். பதினேழிலிருந்து நாற்பத்தாறுக்கு வந்திருக்கிறாள், அதையும் சேர்த்துக்கொள்ளவும்.

எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "மாமாகிட்ட மட்டும் வேண்டாம் அத்தை, பஸ் ஸ்டாப் வரைக்கும் எல்லார்கிட்டயும் நான் பாஸாயிடுவேன்னு சொல்லி வெச்சிருக்கார், அவர் முகம் வாடுறதை என்னால பாக்க முடியாது" என்றாளாம். சொல்லி வைத்தது நிஜம், இனியும் சொல்வேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கு இன்னும் தெரியாது, இன்று காலையும் அதே சிரிப்புதான். சம்பந்தி, பாஸான செய்தியை அவள் தங்களுக்கே முதலில் சொல்லட்டும், பெற்றவர் தாங்கள். மறுபடி தவறினால் மட்டும், முதலில் என்னிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள்.