அரை அங்குலம் போட்ட பாதை

பூனாவை ஒட்டிய கட்கியில் அரை அங்குலம் என்ற மனிதரிடம் நல்ல பெயர் வாங்கிய பொருள் எதுவும் கிடையாது. சூரியன் உட்பட. "இந்த ஊர்ல வெயிலே கோணலாத்தான் அடிக்குது" என்பார், குடையைச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு.

எங்கள் தொழிற்சாலையில் அவர் டிராஃப்ட்ஸ்மேன். வேலூர்ப் பக்கத்துக்காரர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். நாங்கள் குடியிருந்த லைன் குவார்ட்டர்ஸில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. எதைப் பார்த்தாலும், "அரை அங்குலம் உதைக்குது" என்பார், அளவு தப்பியிருக்கிறது என்ற அர்த்தத்தில்; அதுவே பெயராகிவிட்டது. கதவு உதைக்கும், கட்டில் உதைக்கும், இட்லி கூட உதைக்கும். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தாகிவிட்டது. கெட்டிமேளம் முழங்குகிறது. இவர் கூட்டத்திலிருந்து எழுந்து, "கொஞ்சம் இருங்கப்பா, மணவறை வலது பக்கம் இறங்கியிருக்கு" என்றார். மாப்பிள்ளை பதறிப்போய் வலது பக்கம் திரும்பினான். அங்கே உட்கார்ந்திருந்தது பெண். அன்றைக்கு அவருக்குப் பந்தியில் இலை போட ஆளில்லை.

நான் அதே தொழிற்சாலையில் குமாஸ்தா. அவருக்கு அடுத்த வீடு. அண்ணே, அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.

அறுபதுகளின் நடுவில் தானியத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. ரேஷன் கடையில் அரிசி கண்ணில் படவில்லை. கப்பலில் வந்த சிவப்புச் சோளத்தைக் கொடுத்தார்கள். அதை எப்படிச் சமைத்தாலும் அது சமைக்காதது போலவே இருந்தது. காய்கறி விலையைக் கேட்டுவிட்டுப் பெண்கள் சும்மா வீடு திரும்பினார்கள். 'வீட்டுக்கு வீடு தோட்டம் போடுங்கள்' என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருந்தது. பாய் விரிக்க இடமில்லாத வீட்டில் தோட்டத்தை எங்கே போடுவது என்று ரேடியோ சொல்லவில்லை.

இடம் இருந்தது. ஆபீசர்கள் கிளப்புக்கு முன்னால் வெள்ளைக்காரன் வளர்த்துவிட்டுப் போன புல்வெளி. கோடையில் எங்கள் லைன் குழாயில் காற்றுதான் வரும்; அந்தப் புல்லுக்கு மட்டும் தினமும் தண்ணீர் உண்டு. காலம் மாறியதற்கு அடையாளமாக, கிளப் செகரெட்டரி ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டு வைத்து அறிவித்தார்: புல்வெளியைக் கொத்திக் காய்கறித் தோட்டம், லைனில் குடும்பத்துக்கு ஒரு பாத்தி. கைதட்டினோம். தோட்டத்துக்குப் பிளான் போடும் வேலை அரை அங்குலத்திடம் வந்தது.

மண்வெட்டியோடு போன ஆட்களை அவர் திருப்பி அனுப்பினார். "தண்ணி எங்க ஓடுது, நிழல் எங்க விழுது, அது தெரியாம மண்ணைத் தொடக் கூடாது" என்றார். பூனா மழை கொட்டுகொட்டென்று கொட்டியபோது புல்வெளி நடுவில் குடையோடு நின்று தண்ணீர் போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளப் தோட்டக்கார மாலி வராந்தாவிலிருந்து, "சாஹேப், ஆஜாரி படால்!" என்று கத்தினான். உடம்புக்கு வந்துவிடும் என்று அர்த்தம். வந்தது. காய்ச்சலோடு போய் நின்றார்.

வெயில் வந்ததும் கயிறும் முளைக்குச்சியும் சுண்ணாம்புமாக இறங்கினார். அவரை, புடலைப் பந்தல்கள் வடக்கு ஓரம். அப்போதுதான் அவற்றின் நிழல் மற்றதன் மேல் விழாது. தினம் கிள்ளுகிற கீரை குழாய்ப் பக்கம். நடுவில் கத்தரியும் வெண்டையும். எல்லாம் சரி, பாதை எவ்வளவு அகலம்? இதற்காக அண்ணியின் இடுப்பில் நிறைகுடத்தை ஏற்றி, தெருவில் நிற்கவைத்து, குடத்தையும் சேர்த்து டேப் வைத்து அளந்தார்.

"ஊர் உலகத்துல எவனாச்சும் கட்டினவளைக் குடத்தோட அளப்பானாய்யா?" என்று அண்ணி என்னிடம் முறையிட்டாள்.

"மூச்சை அடக்காத. நடக்கிற மாதிரி நில்லு" என்றார் அவர்.

பிறகு ஒவ்வொரு வீட்டுக்காரியையும் அழைத்துப் போய், "இது உன் பாத்தி, அது உன் பாதை" என்று காட்டினார். கொத்தாத புல்லில் வெறும் சுண்ணாம்புக் கோடு. அதைப் பார்த்துப் பெண்கள் என்ன சமைப்பது என்று பேசிக்கொண்டார்கள். இரண்டு பேர் இன்னும் முளைக்காத வெண்டைக்காய்க்காகச் சண்டையும் போட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டெல்லியிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. செகரெட்டரி அரை அங்குலத்தைக் கூப்பிட்டார். ஃபைலோடு நானும் அங்கே நின்றேன்.

"பந்தல் எல்லாம் வேண்டாம், கிளப்பை மறைக்கும். வராந்தாவிலேர்ந்து பார்த்தா 'வெல்கம்'னு இங்கிலீஷ்ல தெரியணும். ஓரமெல்லாம் புல்லு, எழுத்து மட்டும் கீரை. செங்கீரை, மேத்தி, மாத்தி மாத்தி."

மேத்தி என்றால் வெந்தயக்கீரை.

"அப்போ குடும்பத்துக்கு ஒரு பாத்தின்னு சொன்னது, சார்?"

"முதல்ல வெல்கம். அப்புறம் பாத்தி."

அரை அங்குலம் கொஞ்சம் யோசித்தார். "சார், 'ஓ' எழுத்து வட்டம். சுத்தி முழுக்கக் கீரை. உள்ளே இருக்கிற களையை யார் எடுக்கிறது? பறந்து போயா?"

செகரெட்டரி இவரிடமிருந்து வேலையைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்தார். முளைக்குச்சிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுத்துகளை விதைத்தார்கள்.

லைனில் யாரும் செகரெட்டரியைத் திட்டவில்லை. அது வழக்கமில்லை. "இவன் அளந்து அளந்தே காலத்தை ஓட்டிட்டான். நாலு கொத்து கொத்தி விதையைப் போட்டிருந்தா இந்நேரம் குழம்பு கொதிக்கும்" என்றார்கள். அவர் காதில் விழும்படியே சொன்னார்கள். அந்த நாட்களில் அவர் எதையும் உதைக்குது என்று சொல்லிக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மண் நல்ல மண். கீரை தளதளவென்று வந்தது. பெரிய அதிகாரி வருகிற நாள் காலை, நல்ல வெயிலில், அரை அங்குலம் மண்வெட்டியோடு புல்வெளியில் இறங்கினார். குழாயடியில் கயிற்றைக் கட்டினார். 'வெல்கம்' நடுவே நேராக இழுத்துப் பாதை வெட்டிக்கொண்டே போனார். பாதை அந்த 'ஓ'வின் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தது. மாலி முதுகைக் காட்டிக்கொண்டு, "மலா காய் மாஹீத்" என்றான், எனக்கென்ன தெரியும் என்கிற மாதிரி.

அவர் லைனுக்கு வந்து பொதுவாகச் சொன்னார்: "பாதை போட்டாச்சு. வாங்க."

முதலில் கூடையோடு இறங்கியவள் அண்ணி. அவளுக்குப் பின்னால் லைனே இறங்கியது. யாரும் யார் மேலும் இடித்துக்கொள்ளவில்லை. ஜீப் சத்தம் கேட்கிறவரை பறித்தார்கள். பெரிய அதிகாரி வராந்தாவில் ஏறிப் பார்த்தபோது கடைசி எழுத்து மட்டும்தான் மிச்சம்.

"அது என்ன, 'ஈ'?" என்று கேட்டார் அவர்.

செகரெட்டரி 'ஈ' என்று இளித்தார்.

அன்று எங்கள் லைனில் எல்லா வீட்டிலும் கீரை மணம். அடுத்த நாள் விசாரணை. "உங்களை யார் உள்ளே விட்டது?" வீடு வீடாகக் கேட்டார்கள். கீரைச் சாறு வாயோரம் காயாத மனிதர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் அரை அங்குலத்தைக் கை காட்டினார்கள். ஒருவர், "நாங்க வேணாம்னுதான் சொன்னோம், அவருதான் பலவந்தமா..." என்றார். மேத்தியைப் பலவந்தமாகச் சாப்பிட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

நான் அவரிடம் ஓடினேன். "அண்ணே, இப்படிப் பேசுறாங்களே!" என்றேன்.

"சரியாத்தானே தம்பி சொல்றாங்க? கூப்பிட்டது நான்தானே?"

வடக்கே, பெயரைக் கூட யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாத ஓர் ஊருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வரவேண்டிய பிரமோஷன் வரவில்லை. செகரெட்டரிக்கு அது வந்தது. எழுத்திருந்த இடத்தில் மறுபடி புல் போட்டார்கள். அதற்கு மறுபடி தண்ணீர் விட்டார்கள். லைன்காரர்கள், "திமிர் பிடிச்சவன், போய்த் தொலைஞ்சான்" என்று சொல்லிவிட்டு ரேஷன் வரிசைக்குப் போனார்கள்.

ஸ்டேஷனுக்கு நான் மட்டும் போனேன். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருட்டு. அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி, "இவ்ளோ பேருக்குச் செய்தாரே, ஒருத்தி வந்து எட்டிப் பார்த்தாளாய்யா?" என்றாள்.

"அவங்களுக்கு வேலை இருக்கும்" என்றார் அவர். வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கப்புறம் நான் அவரைப் பார்க்கவில்லை. எத்தனையோ பேருடன் வேலை பார்த்துவிட்டேன். சிரித்துப் பேசுகிறவர்கள், நயமாக நடந்துகொள்கிறவர்கள். அவர்களில் ஒருவரும் ஞாபகத்தில் இல்லை. அவர் எதிரே மட்டும் இன்னொரு தடவை உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல், ஒரு டீ குடித்தால் போதும் என்றிருக்கிறது.