முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு

மனிதர்களில் 'பார்த்தாலே தெரியலையா?' ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. பத்து ஜோடி செருப்பு கிடக்கும் வாசலில் கைக்கு, மன்னிக்கவும், காலுக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போய், பாதி வழியில் கடிக்கிறதே என்று செருப்பைத் திட்டுகிறவர். சாவிக்கொத்தின் முதல் சாவிதான் முதல் பூட்டுக்கு என்று முடிவுகட்டி, திறக்காத பூட்டுக்கு எண்ணெய் விடுகிறவர். லிஃப்டில் வெள்ளைக் கோட்டுடன் நின்றவரிடம் தன் முதுகுவலியை ஒவ்வொரு மாடியாக விவரித்துவிட்டு, அவர் கேன்டீன் சமையல்காரர் என்று தெரிந்த பிறகும், "முகத்துல டாக்டர் களைதான்" என்று சாதிக்கிறவர். யாரையாவது கேட்பாரா? மாட்டார். கேட்டால் கௌரவம் என்னாவது?

இப்பேர்ப்பட்டவர் மென்பொருள் எழுதினால்? எழுதினார். என் பக்கத்து மேஜையில்.

வேலை இதுதான். பெரிய கம்ப்யூட்டர்களில் சில நெட்வொர்க் கார்டுகளுக்கு ஒரு விசேஷ சாமர்த்தியம்: ப்ராசஸரைத் தொந்தரவு செய்யாமல், அடுத்த கம்ப்யூட்டரின் மெமரிக்குள் நேராகத் தகவலைக் கொண்டுபோய் வைத்துவிடும். சிக்கல் என்னவென்றால், ஒரே கார்டுக்கு இரண்டு பெயர். நெட்வொர்க் கணக்கில் ஒன்று, இந்த நேரடி வேலைக்கு வேறொன்று. எந்தப் பெயருக்கு எந்தப் பெயர் ஜோடி என்று மென்பொருள் கண்டுபிடித்துப் பொருத்த வேண்டும்.

நம்மவர் இரண்டு பெயர்ப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பொருத்தினார். முதலுக்கு முதல், இரண்டுக்கு இரண்டு. முடிந்தது வேலை.

டெஸ்டிங் பார்த்த பெண்மணி ஒப்பந்த ஊழியர். மென்பொருளை வாங்கவிருந்த ஆஸ்பத்திரியில் டெமோ ஒழுங்காக நடந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் நம்மவரிடம் கேட்டார்:

"சார், வரிசையை நம்பலாமா? எந்தப் பேரு எந்தக் கார்டோடதுன்னு மெஷின்கிட்டயே கேட்டுடலாமே? நாலு வரிதான்."

"எதுக்கும்மா கேக்கணும்? பாத்தாலே தெரியலையா? நம்ம மெஷின்ல ஓடுதுல்ல?"

ஓடியதுதான். நம் மெஷினில் இருந்ததே ஒரு கார்டு.

ஆஸ்பத்திரி மெஷினில் மூன்று. ஸ்கேன் அறையிலிருந்து படம் கண்மூடித் திறப்பதற்குள் டாக்டரின் திரைக்கு வர வேண்டும். வரவில்லை. கேபிளே சொருகாத கார்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மென்பொருள் பதிலுக்காகத் தவம் கிடந்தது. சரியான கார்டு பக்கத்திலேயே வேலையில்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. நம்மவர் கேபிளைத் திட்டினார், ஸ்விட்சைத் திட்டினார், ஏசியைக்கூட விடவில்லை. பெண்மணி உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதினார். படம் வந்து விழுந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். என்ன கண்டார்? கீபோர்டின் முன்னால் வியர்த்து வழியும் ஒரு பெண். பின்னால் கைகட்டி நிமிர்ந்து நிற்கும் ஒரு சார். யார் கெடுத்தது, யார் காப்பாற்றியது என்று கேட்கவும் வேண்டுமா?

"நல்லவேளை சார், நீங்க கூட இருந்தீங்க!"

"பரவாயில்ல சார், அவங்களும் போகப் போகக் கத்துக்குவாங்க" என்றார் நம்மவர். என்ன பெருந்தன்மை!

கூடவே இருந்து பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜரிடம் போய் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அந்தம்மாவுக்கு எதிர் சீட்டுதானே உங்களுது? அதான் சப்போர்ட்டு" என்று சிரித்தார். என்னையும் பொருத்தியாகிவிட்டது.

அந்த மாதத்தோடு பெண்மணியின் ஒப்பந்தம் முடிந்தது. நிரந்தரம் என்ற பேச்சையே பிறகு யாரும் எடுக்கவில்லை. நம்மவர் இப்போது டீம் லீடர்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நீங்களும் ஓர் ஆளைப் பிடித்திருப்பீர்களே? மூலை மேஜைக்காரரோ, மாடி வீட்டு மாமாவோ, உங்கள் மைத்துனரோ. 'அட, அச்சு அசலா அவரேதான்!' என்று சிரித்தும் இருப்பீர்கள். நல்லது. ஒரே ஒரு சந்தேகம்தான் எனக்கு.

அவரை ஒரு வார்த்தை கேட்டீர்களா?