கூரைக்குக் கீழே ஆர்?

இந்த முறை என்ர மனிசி புனிதாவை அறிவாலேயே வெல்லுறதெண்டு தீர்மானிச்சன்.

நாங்கள் லண்டனில மிச்சம் எண்ட இடத்தில இருக்கிறம். பக்கத்து வீட்டுக் கமலநாதன் அண்ணை நாளைக்குத் தன்ர வானை ஓட்டிக்கொண்டு பாரிசுக்குப் போறார். வானில மிச்சம் ஒரே ஒரு சீற். எனக்கு அங்க பழைய கூட்டாளிமார், ஆட்டுக்கறி, சீட்டாட்டம். அவவுக்கு லாச்சப்பல் தமிழ்க் கடைத்தெருவில சீலைக்கடை.

நான் லேசுப்பட்ட ஆளில்லை. கவுன்சில் மாலை வகுப்பில சீனம் படிக்கிறன். எங்கட அ, ஆ மாதிரி இல்லை அது. ஒரு எழுத்துக்கே ஒரு அர்த்தம். துண்டு துண்டாப் பொருத்திக் கட்டியிருப்பினம்.

கடுதாசியில கீறிக் காட்டினன்.

"இஞ்ச பாரும். மேல கூரை. கீழ பொம்பிளை. என்ன அர்த்தம், சொல்லும் பாப்பம்?"

"கூரை ஒழுகுது, புருஷன் திருத்தேல்லை."

"அமைதியப்பா, அமைதி! பொம்பிளை வீட்டில இருந்தா அமைதி. சீனரே சொல்லிப்போட்டினம். நீர் இரும், நான் போறன்."

அவ கோவிக்கேல்லை. அப்பவே எனக்கு உறைச்சிருக்கோணும்.

"அம்மாவை எப்பிடி எழுதுவினம்?"

"பொம்பிளைக்குப் பக்கத்தில குதிரை."

"ஐயோ, குதிரை என்னத்துக்கு?"

"சத்தத்துக்கு மட்டும். குதிரையும் 'மா', அம்மாவும் 'மா'. ஒரு பாதி அர்த்தம் சொல்லும், மற்றப் பாதி சத்தம் போடும்."

"உங்கட அம்மாவுக்குக் குதிரை தேவையில்லை. சத்தம் அவவே போடுவா."

சிரிச்சுப்போட்டன். சிரிச்சா எனக்கு வாய் நிக்காது.

"சரி, வீட்டை எப்பிடி எழுதுவினம்?"

"அதுக்கும் கூரைதான். கீழ பன்றி!"

சொல்லி முடிச்ச பிறகுதான் எனக்கு விளங்கிச்சுது. புனிதா சோபாவில சரிஞ்சு கிடந்த என்ர வண்டி வயித்தை ஆறுதலாப் பார்த்தா.

"அப்ப பொம்பிளை இல்லாட்டி அமைதிதான் போகும். பன்றி இல்லாட்டி வீடே இல்லை, என்னப்பா?"

"அது... அந்தக் காலத்தில வீட்டில பன்றி வளர்த்தவை..."

"நானும் இவ்வளவு காலமா வளர்க்கிறன்தானே."

விடிய அண்ணை ஹோர்ன் அடிச்சார். புனிதா புதுச் செருப்போட ஏறினா. கையில யூரோ! போன கிழமையே மாத்தி வச்சிருக்கிறா.

"இஞ்சேருங்கோ, கூரையை விட்டு வெளியில வந்திடாதேங்கோ!"

வான் போயிட்டுது. மிச்சத்தில மிச்சம் நான்தான்.