பின்னால் நின்ற நீல உடைக்காரி

"யாருங்க இவ?"

மடிக்கணினித் திரையில் மனைவியின் விரல் நின்ற இடத்தைப் பார்த்ததும் போட்டோகிராபருக்கு வியர்த்தது. கம்பெனி விழாப் படங்கள். பரிசு வாங்கும் மேலாளர் மங்கலாகத் தெரிந்தார். ஓரடி பின்னால் தட்டோடு நின்ற நீல உடைக்காரி மட்டும் இமை முடியை எண்ணிவிடலாம் போலப் பளிச்சென்று இருந்தாள். ஒரு படத்தில் அல்ல, எல்லாவற்றிலும்.

"சத்தியமா யாருன்னே தெரியாதும்மா. ஆட்டோஃபோகஸ் தப்புப் பண்ணுது."

"கேமராவுக்கும் உங்க புத்தி வந்துடுச்சாக்கும்."

அவர் விளக்கினார். வ்யூஃபைண்டரில் கண் வைத்து எடுக்கும்போது ஃபோகஸ் பார்க்கும் சென்சார் வேறு, படம் பதியும் சென்சார் வேறு. இரண்டும் மயிரிழை பிசகினாலும் கூர்மை தள்ளி விழும். போன மாதம் அவள் கேமராவைச் சர்வீஸ் கடையில் துடைக்கக் கொடுத்து வாங்கி வந்தாளே, அங்கே யாராவது கீழே போட்டிருப்பார்கள் என்றார். அவள் பெட்டியில் துணிகளை அடுக்கினாள். அண்ணன் வீட்டுக்காம்.

நிரூபித்துக் காட்டுவதற்காக அவளைச் சுவரோரம் நிறுத்தி, அவள் கண்ணில் ஃபோகஸ் புள்ளியை வைத்து எடுத்தார். அவள் மங்கல். காதுக்குப் பின்னால் தொங்கிய காலண்டரில் சோப்புக்காகச் சிரித்த பெண் படு துல்லியம்.

"காலண்டர்ல இருக்கறவளையும் விட்டுவைக்கலையா?"

கடைசி ஆயுதம், கேமராவின் பின்திரையைப் பார்த்தே எடுக்கும் லைவ் வியூ. படம் பதியும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் தப்பு நேர வழியில்லை. நேரவும் இல்லை. கண்ணோரச் சுருக்கம், நெற்றிக் கோடு, மோவாயில் ஒற்றை முடி என்று ஒன்றுவிடாமல் விழுந்திருந்தது.

அவள் நெடுநேரம் பார்த்தாள்.

"மத்தவளுங்க எல்லாம் ரதி. நான் மட்டும் கிழவி. போன வாரம் எவ்வளவு அழகா எடுத்தீங்க என்னை. இப்பத்தான் உங்களுக்குத் தொழிலே கைவந்துச்சுன்னு நினைச்சேன்."

பெட்டியின் ஜிப் சர்ரென்று இழுபட்டது.

பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில்தான் அந்தச் சர்வீஸ் கடை. கேமராவில்தான் கோளாறு என்று மெக்கானிக் வாயால் வந்துவிட்டால் வீடு திரும்ப வேண்டும் என்று கெஞ்சியபடியே கேமராவோடு அவள் பெட்டியையும் தூக்கிக்கொண்டு நடந்தார். கடை வாசலில் அவள் சட்டென்று நின்றாள்.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கயே நிக்கறேன்."

விடுவாரா? கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

மெக்கானிக் கேமராவை வாங்கி மெனுவைத் தட்டினான். பிறகு அவரைத் தாண்டி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"வாங்கக்கா. முகத்துச் சுருக்கம் தெரியக் கூடாதுன்னீங்களே, அதுக்குத்தான் ஃபோகஸைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி வச்சேன். இன்னும் தள்ளணுமா?"