திருடனுக்குப் பூட்டிய மணி

நான் பிடிவாதக்காரன். எடுத்த முடிவு பிழையென்று எனக்கே தெரிந்த பிறகும் அதைக் கைவிட மாட்டேன். மாம்புரியில் என்னிடம் மட்டுமே கார் இருந்த காலத்தில் இந்தக் குணம் நன்றாக முற்றியிருந்தது.

சிலாபத்து மெக்கானிக் ஒருவர் மின்சார மணியொன்றைக் காட்டினார். யாராவது கார்க் கதவைத் திறந்தால் அலறும். சீற்றுக்கு அடியில் ஒளித்துவைத்த சுவிச்சைத் தட்டினால்தான் நிற்கும். விலையோ என் கல்யாண மோதிரத்தைக் கேட்டது.

“ஒரு கிழமை, ஏழு நாள் பூட்டிப் பாருங்க ஐயா. பிடிக்காட்டித் திருப்பித் தாங்க.”

என் மனைவி றோசலின் அப்போது நிறைமாதம். “இந்த ஊரில கார் ஓடத் தெரிஞ்சவர் நீங்க ஒராள்தான். உங்களைப் பிடிக்கவா மணி?” என்றாள்.

“இருந்து பார், பெறுமதி தெரியும்” என்றேன்.

நாலாம் நாள் காலை அவளுக்கு வலி கண்டது. அவசரத்தில் கதவை இழுத்துத் திறந்தேன். மணி அலறியது. சுவிச்சைத் தட்டினேன். (தட்டினேன் என்பது மரியாதைக்கு, குத்தினேன்.) அது உடைந்து கையோடு வந்தது. வயரைத் தேடிக் குனிந்தேன்.

“மணியை விடுங்க, காரை எடுங்க!” என்று றோசலின் அதைவிடப் பலமாக அலறினாள்.

புத்தளம் வரைக்கும் மணியோடுதான் போனோம். மாட்டு வண்டிகளெல்லாம் தென்னந்தோட்டங்களுக்குள் பாய்ந்து வழிவிட்டன.

அது யுத்த காலம். மணி கேட்டால் ஜப்பான் விமானம் வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார்கள். கடைத்தெருவில் ஈ காக்கை இல்லாததைக் கண்ட பிறகுதான் எனக்கு அது நினைவு வந்தது. முட்டைக்கடை முஸ்லிம் நானா ஒருவர், தலையை மட்டும் கூடைக்குள் மறைத்தபடி, “தப்பி ஓடுங்க தம்பி, ஜப்பான்காரன் வந்துட்டான்!” என்று என்னையே எச்சரித்தார்.

ஆசுப்பத்திரி வாசலில் கார் குலுங்கி நிற்க, மணியும் தானாக அடங்கியது. உள்ளே ஒருவரும் இல்லை.

“ஆராவது இருக்கிறீங்களா?”

பிரசவ வாட்டில் ஒரு கட்டிலுக்கு அடியிலிருந்து தலைமைத் தாதி மேற்றனின் குரல் வந்தது. “போயிட்டானா?”

“ஆர்?”

“ஜப்பான்காரன்!”

“அது... என்ர கார் மணி, மிஸ்ஸி.”

மேற்றன் தவழ்ந்து வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வைக்கு, உண்மையாகவே ஒரு குண்டு விழுந்திருக்கலாம். பிறகு றோசலினைக் கண்டார். “பிள்ளை தலை காட்டுது! இந்த மனிசனை வெளியில தள்ளுங்க!” என்று மற்றக் கட்டில்களுக்குக் கீழே பார்த்துக் கத்தினார். தாதிமார் ஒவ்வொருவராக முளைத்தார்கள். கால் மணி நேரத்தில் மகள் பிறந்தாள்.

கிழமை முடிந்து மெக்கானிக் வந்தார். “ஒரு வண்டியாவது வழி மறிச்சதா? பெறுமதிதான்!” என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். றோசலின் கத்தரிக்கோலை எடுத்துப் போய் வயரை வெட்டிவிட்டு வந்து படுத்தாள்.

மகளுக்குக் கோயிலில் வைத்த பேர் பிலோமினா. புத்தளம் வைத்த பேர் ஜப்பான்காரி. அவளுக்குச் சம்பந்தம் பேச வந்த மாப்பிள்ளையின் தகப்பன், வழியில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வந்து, என்னைத் தனியே கூப்பிட்டுக் கேட்டார்:

“பிள்ளைக்குத் தமிழ் விளங்குமா?”